காரியம் முடிந்த பிறகு: துக்கத்திலிருந்து பிறருக்கு உதவ வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரித்ததும் உறவினர்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதிய வீட்டிலும், முப்பதாம் நாள் திருப்பலி முடிந்த வீட்டிலும் இதே கதைதான். அதுவரை வந்தவர்களுக்குக் காபி போடவும் பதில் சொல்லவுமே பொழுது சரியாக இருந்திருக்கும். அதன் பிறகுதான் 'இனி என்ன' என்ற கேள்வி வந்து உட்காரும். கணவரையோ மனைவியையோ பிள்ளையையோ பறிகொடுத்தவர்களில் பலர் அதற்கு 'நாலு ஏழைகளுக்கு உதவலாம்' என்று பதில் சொல்லிக்கொள்கிறார்கள். நல்ல பதில்தான். ஆனால் யாருக்கு, எந்த இடத்தில், எந்தக் கிழமையில், எத்தனை மணிக்கு என்று யாரும் சொல்லித் தருவதில்லை. ஓர் இல்லத்துக்குப் போய் ஒருவேளைச் சாப்பாடு போட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். மறுநாள் காலை அதே வீடு, அதே கேள்வி.

தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இழப்பு உங்களுக்கு எதைக் கற்றுக்கொடுத்ததோ, அங்கிருந்து தொடங்குங்கள் என்பதுதான் என் யோசனை. கடந்த சில மாதங்களில் நீங்கள் விரும்பாமலே பல விஷயங்களில் தேர்ச்சி பெற்றிருப்பீர்கள். பெரிய மருத்துவமனையில் எந்தச் சன்னலில் எந்தச் சீட்டு தருவார்கள், இறப்புச் சான்றிதழ் எங்கே கிடைக்கும், வாரிசுச் சான்றிதழுக்கு யார் யார் கையெழுத்து வேண்டும், வங்கி மேலாளர் எதைக் கேட்டுத் திருப்பி அனுப்புவார் எல்லாம் உங்களுக்கு இப்போது தெரியும். உங்கள் வீட்டுக்காரர் இறந்த அதே வாரம் பக்கத்து வார்டில் ஒரு சித்தாளின் கணவரும் இறந்திருப்பார். அந்தப் பெண்ணுக்கும் இத்தனையும் தெரிய வேண்டியிருந்தது. சொல்ல ஆளில்லை. பாதியில் விட்டிருப்பார். அவருக்கு வர வேண்டிய பணம் இன்னும் எங்கோ ஓர் அலுவலகத்தில் கிடக்கலாம்.

இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. சகோதரி சுப்பலட்சுமி பதினோரு வயதில் மணமாகி, சிறிது காலத்திலேயே கணவரை இழந்தவர். குடும்பத்தார் படிக்க வைத்தார்கள். 1911-ல் சென்னையில் பட்டம் பெற்றார். மறு ஆண்டே தன்னைப் போன்ற இளம் விதவைகள் தங்கிப் படிக்க ஓர் இல்லத்தைத் தொடங்கினார். திருவல்லிக்கேணி கடற்கரையில், இன்று விவேகானந்தர் இல்லம் என்று அழைக்கப்படும் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் அந்த இல்லம் நடந்தது. மொட்டையடித்து மூலையில் உட்கார வைக்கப்பட்ட ஒரு சிறுமிக்கு என்ன தேவை என்று அவர் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

முதலில் உங்கள் நிலையைப் பாருங்கள்

எப்போது தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நாள் கணக்கு சொல்ல முடியாது. சில அடையாளங்களைச் சொல்லலாம். மூன்று வேளையும் ஓரளவு சாப்பிடுகிறீர்களா? இரவில் சில மணி நேரமாவது தூங்குகிறீர்களா? உங்கள் வீட்டுக் காகித வேலைகள், அதாவது ஓய்வூதியம், வங்கிக் கணக்கு, மின் இணைப்புப் பெயர் மாற்றம் போன்றவை, முடிந்துவிட்டனவா? இவற்றில் இரண்டுக்காவது 'ஆம்' வரும்வரை பொறுத்திருங்கள். 'நானும் போய்விட்டால் தேவலாம்' என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வந்தால் தொண்டு அதற்கு மருந்தாகாது. 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற மனநல ஆலோசனைச் சேவை இருக்கிறது. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். அல்லது அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். அங்கே சீட்டு வாங்குவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

வீட்டில் பெரியவர்கள் தடுக்கலாம். 'தலைத்திவசம் முடியாமல் வெளியே கிளம்புவதா' என்று கேட்பார்கள். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும்தான் அந்த ஓராண்டு விலக்கு. ஆஸ்பத்திரிக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் இல்லை என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் வாயடைத்துப் போவார்கள். கணவரை இழந்த பெண்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். சுப காரியங்களில் தள்ளி நிற்கச் சொல்லும் இதே ஊரில், மனுவோடு நிற்கும் ஒருவர்கூட உங்கள் நெற்றியைப் பார்ப்பதில்லை.

பணத்தைப் பொறுத்தவரை எனக்குப் பிடிவாதமான கருத்து ஒன்று உண்டு. முதல் ஓராண்டுக்குப் பெரிய தொகை எதையும் யாருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள். பணிக்கொடை வந்த சூட்டோடு அதில் பாதியை ஓர் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டு, பிறகு மகளின் பிரசவச் செலவுக்குக் கைமாற்று வாங்குபவர்கள் உண்டு. இறந்தவர் பெயரில் அறக்கட்டளை பதிவு செய்ய அவசரப்படுபவர்களும் உண்டு. அறக்கட்டளை என்றால் ஆண்டுதோறும் கணக்கு, தணிக்கை, வருமான வரித் துறைப் பதிவு என்று வரிசையாக வரும். துக்கத்தில் இருப்பவருக்கு அது இன்னொரு அலுவலகம், அவ்வளவுதான்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் புற்றுநோயால் இறந்தார். அந்த இழப்பின் தொடர்ச்சியாக உருவான அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது 1954-ல். அப்போது அதில் 12 படுக்கைகள். நடுவில் முப்பத்தோரு ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் அவர் சட்ட மேலவையில் இருந்தார், தேவதாசி ஒழிப்புக்குப் போராடினார், அவ்வை இல்லத்தை நிறுவினார். தங்கையின் நினைவு அவசரப்படுத்தியிருந்தால் 1924-லேயே ஏதோ ஒரு பெயர்ப்பலகை மாட்டியிருக்கலாம்.

வீட்டில் கிடக்கும் பொருள்கள்

வெளியே போக மனம் வராத நாட்களில் செய்யக்கூடிய வேலை இது. நீண்ட நாள் படுக்கையில் இருந்து இறந்தவர் வீட்டில் மடக்குக் கட்டில், காற்று மெத்தை, கமோடு நாற்காலி, சக்கர நாற்காலி, நடைச்சட்டம், ஆக்சிஜன் கருவி என்று ஏதாவது இருக்கும். இவை பழைய இரும்புக்காரருக்குப் போகக் கூடாது. ஏழை வீட்டில் பக்கவாதம் வந்து படுத்தவருக்கு ஒரு காற்று மெத்தை கிடைத்தால் முதுகில் படுக்கைப் புண் வராமல் பெருமளவு தடுக்கலாம். விலை கொடுத்து வாங்க அவர்களால் முடியாது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் செவிலியரைக் கேளுங்கள். எந்தத் தெருவில் யார் படுக்கையில் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். கொடுப்பதற்கு முன் துடைத்து, வெயிலில் வைத்து, சக்கரம் ஓடுகிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

மீதமுள்ள மாத்திரைகளை யாருக்கும் கொடுக்காதீர்கள், எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும். மூக்குக் கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் ஒருவருடைய அளவுக்குச் செய்தவை. அப்படியே இன்னொருவருக்குப் பயன்படாது. துணிகளில் நல்லவற்றைத் துவைத்துத் தேய்த்துக் கொடுங்கள். ஒரு சட்டையையோ புடவையையோ வைத்துக்கொள்ளத் தோன்றினால் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால்தான் மனம் லேசாகும் என்று சொல்பவர்கள் உங்கள் அலமாரியைத் திறந்து பார்த்தவர்கள் இல்லை.

காகித உதவி: நீங்கள் உட்கார வேண்டிய பெஞ்சு

இதுதான் கட்டுரையின் மையப் பகுதி. திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கும். காலையிலேயே கிராமங்களிலிருந்து பஸ் பிடித்து வந்துவிடுவார்கள். மர நிழலில் மனு எழுதிக் கொடுப்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் பிழைப்பில் கை வைக்காதீர்கள்; மனு எழுதுவது அவர்கள் தொழில். உங்கள் வேலை அதற்கு முந்தையது, காகிதத்தைப் பிரித்து அடுக்குவது.

ஓர் அம்மா மஞ்சள் பையிலிருந்து பாலித்தீன் உறையை எடுப்பார். அதற்குள் நாலாக மடித்து மடித்து மடிப்பில் கிழிந்துபோன குடும்ப அட்டை நகல், கணவரின் ஆதார், ஆஸ்பத்திரியில் கொடுத்த இறப்பு அறிக்கை, இரண்டு பாஸ்புக், ஒரு நகைக்கடன் ரசீது, பழைய வாக்காளர் அட்டை எல்லாம் கலந்து கிடக்கும். "இதிலே எது வேணும்னு தெரியலே சாமி" என்பார். அதைச் சொல்லத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். கீழ்க்கண்ட வரிசையில் பாருங்கள்.

முதலில், இறப்பு பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. கிராமத்தில் வீட்டில் இறந்தால் கிராம நிர்வாக அலுவலரிடமும், நகரத்தில் நகராட்சி அல்லது மாநகராட்சி சுகாதாரப் பிரிவிலும் பதிய வேண்டும். நாள் கடந்தால் தாமதக் கட்டணம். ஓராண்டு தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் உத்தரவு வரை போக வேண்டும். ஏழை வீடுகளில் அடக்கம் முடிந்த கையோடு இந்த நினைவே வராது. பதிவாகியிருந்தால் சான்றிதழை இணையத்தில் இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம். நாலைந்து நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு மேசையிலும் ஒன்று கேட்பார்கள்.

இரண்டாவது, பெயர். பாதி மனுக்கள் திரும்புவது இங்கேதான். ஆதாரில் மாரியம்மாள், குடும்ப அட்டையில் மாரியாயி, பாஸ்புக்கில் தந்தை பெயரின் முதலெழுத்தோடு, வாக்காளர் அட்டையில் கணவர் பெயரின் முதலெழுத்தோடு. உங்களுக்கும் எனக்கும் ஒருவர்தான் என்று தெரியும், கணினிக்குத் தெரியாது. எல்லா அட்டைகளையும் பெஞ்சில் வரிசையாகப் பரப்பி, பெயர், பிறந்த தேதி, முகவரி மூன்றையும் ஒப்பிட்டு, எது எதோடு ஒத்துப்போகவில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எதை முதலில் திருத்த வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தால் நாலு முறை அலைவது ஒரு முறையாகக் குறையும்.

மூன்றாவது, இறந்தவரின் பாஸ்புக். புதிதாக அச்சடித்து வாங்கி வரச் சொல்லி, மே மாதக் கடைசிப் பதிவுகளைப் பாருங்கள். 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதம மந்திரி ஜீவன் ஜோதி காப்பீடு. எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும் நியமனதாரருக்கு (நாமினிக்கு) 2 லட்சம் ரூபாய். 20 ரூபாய் பிடித்திருந்தால் அது சுரக்ஷா காப்பீடு. விபத்தில் இறந்திருந்தால் 2 லட்சம். 2022 ஜூனுக்கு முன்பு இந்தத் தொகைகள் 330-ம் 12-மாக இருந்தன. காப்பீட்டு ஆண்டு ஜூன் 1-ல் தொடங்கி மே 31-ல் முடியும். கணக்குத் தொடங்கிய அன்று வங்கியில் நீட்டிய படிவத்தில் கையெழுத்தோ கைரேகையோ போட்டுவிட்டு வந்தவருக்கே இப்படியொரு காப்பீடு இருப்பது தெரிந்திருக்காது. மனைவிக்கு எங்கே தெரியப்போகிறது? பாஸ்புக்கின் ஒரே ஒரு வரி, இரண்டு லட்சம் ரூபாய். பார்த்ததும் அந்த அம்மாவிடம் 'உங்களுக்குப் பணம் வரும்' என்று சொல்லிவிடாதீர்கள். 'வங்கியில் போய் இதைப் பற்றிக் கேட்போம்' என்று மட்டும் சொல்லுங்கள். தாமதிக்காமல் கேட்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

நான்காவது, வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணைக்குப் பின் வட்டாட்சியர் தருவார். மையத்தில் கட்டணம் 60 ரூபாய். அதற்கு மேல் யாராவது கேட்டால் ரசீது கேட்கச் சொல்லுங்கள்; பெரும்பாலும் ரசீது என்ற சொல்லே போதும். இடைத்தரகர்கள் உங்களைக் கண்டு முகம் சுளிப்பார்கள். அவர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள். அந்த அம்மா அடுத்த வாரமும் தனியாக அங்கே வர வேண்டியிருக்கும்.

ஐந்தாவது, உதவித்தொகைகள். ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் 18 வயது முடிந்தவர்களுக்கு உண்டு. 2023 ஆகஸ்டில் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தினார்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்தில் சம்பாதித்துப் போட்டவர் 60 வயதுக்குள் இறந்திருந்தால் குடும்ப நல உதவியாக ஒருமுறை 20,000 ரூபாய் கிடைக்கும். இறந்தவர் கொத்தனாராகவோ சித்தாளாகவோ ஆட்டோ ஓட்டுநராகவோ இருந்து நலவாரியத்தில் பதிவு செய்து, பதிவைப் புதுப்பித்தும் வைத்திருந்தால் வாரியத்திலிருந்து தனி உதவி. விவசாயக் கூலி என்றால் உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் விண்ணப்பிக்க வைத்துக் குழப்பாதீர்கள். எது சீக்கிரம் காலாவதியாகுமோ அது முதலில்.

கடைசியாக, வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பள்ளிக்குப் போகிறார்களா என்று விசாரியுங்கள். அப்பா இறந்த வீட்டில் மூத்த பையன் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடுவான், 'ஒரு வருஷம்தான்' என்பார்கள். ஆட்சியர் அலுவலக வளாகத்திலோ பக்கத்திலோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கும். தந்தையை இழந்து வறுமையில் வாடும் பிள்ளைகளுக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகைக்கு அங்கே விண்ணப்பிக்கலாம். தாய் தந்தை இருவரையும் இழந்தவர்களுக்கு மாநில அரசின் அன்புக் கரங்கள் திட்டம் 2025-ல் வந்தது. 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். ஆபத்தில் இருக்கும் குழந்தை என்றால் 1098-க்குத் தயங்காமல் அழையுங்கள்.

இந்த வேலையில் சில கட்டுப்பாடுகளை மீறவே கூடாது. அசல் ஆவணங்களை உங்கள் வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். அவர்கள் கைப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணை நீங்கள் கேட்காதீர்கள். வேறு யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்று சொல்லிக் கொடுங்கள். அவர்கள் சார்பில் பணம் வாங்காதீர்கள், கட்டாதீர்கள். 'அந்த அதிகாரியை எனக்குத் தெரியும்' என்று ஒருபோதும் சொல்லாதீர்கள், தெரிந்திருந்தாலும்.

மருத்துவமனை

காகிதம் ஒத்துவராதவர்கள் மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கலாம். உங்களவர் இறந்த மருத்துவமனையை முதலில் தேர்ந்தெடுக்காதீர்கள், வேறொன்றுக்குப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் நிலைய மருத்துவ அலுவலரைப் பார்த்து எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். சும்மா உள்ளே போய் நோயாளிகளுக்கு ரொட்டி கொடுத்தால் காவலாளி தடுப்பார், அவர் தடுப்பதுதான் சரி. உணவுக் கட்டுப்பாட்டில் இருக்கும் சர்க்கரை நோயாளிக்கு நீங்கள் கொடுக்கும் இனிப்பு ரொட்டி என்ன செய்யும் என்பது செவிலியருக்குத் தெரியும்.

அங்கே தேவைப்படுவது பெரும்பாலும் ஒரு ஜோடிக் கால்களும் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரு ஜோடிக் கண்களும்தான். கிராமத்திலிருந்து வந்த கிழவர் ஸ்கேன் அறை எந்த மாடியில் என்று தெரியாமல் நிற்பார். கூட வந்த மருமகள் வரிசையை விட்டால் இடம் போய்விடும் என்று கழிப்பறைக்குக்கூடப் போகாமல் நிற்பார். அவர் இடத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சைக்கு வழியிருக்கிறது. அட்டை இல்லாவிட்டால் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாரோடு யாரைப் பார்க்க வேண்டும் என்று மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவிலேயே சொல்வார்கள். அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு அலைபவர்கள் ஏராளம். சேர்ந்த அன்றே கேட்டுவிடச் சொல்லுங்கள்.

சாப்பாடு நோயாளிக்குக் கிடைத்துவிடும். பட்டினி கிடப்பவர் உடன் இருப்பவர். வளாகத்தில் அம்மா உணவகம் இருந்தால் வழி காட்டுங்கள்; ஒரு ரூபாய் இட்லி, ஐந்து ரூபாய் சாம்பார் சாதம் என்று சொன்னால் முதல்முறை வந்தவர்கள் நம்ப மாட்டார்கள், கூடவே போங்கள்.

இறப்பு நேர்ந்துவிட்டால், உடலை ஊருக்குக் கொண்டுபோக 155377 என்ற எண்ணில் இலவச அமரர் ஊர்தி கேட்கலாம் என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். தனியார் வண்டிக்காக வட்டிக்குப் பணம் புரட்டும் குடும்பத்துக்கு அந்த ஆறு இலக்கங்கள் பெரிய உதவி. நீங்கள் அதே இடத்தில் ஒருநாள் நின்றவர் என்று அப்போது சொல்ல வேண்டாம்.

சாப்பாடு போடுவது பற்றி

வடலூரில் வள்ளலார் 1867 மே 23-ம் நாள் ஏற்றிய தருமசாலை அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அணையாமல் இருப்பதுதான் அதில் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நினைவு நாளன்று வடை பாயசத்தோடு ஒருவேளை விருந்து போடுபவர்கள் அதற்கு முதல் நாளும் மறுநாளும் அந்த இல்லத்தில் என்ன சமைத்தார்கள் என்று விசாரிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளும் இல்லங்களில் சாப்பாடு குவியும். வாரநாளில் போன் செய்து, 'இந்த மாதம் உங்களுக்கு எது போதாமல் இருக்கிறது' என்று கேளுங்கள். பெரியவர்களுக்கான டயப்பர், கொசுவலை, சமையல் எரிவாயு, மின்கட்டணம் என்று பதில் வரலாம். அது புகைப்படத்துக்கு எடுபடாது. அதையே கொடுங்கள்.

கொடுக்குமுன் இல்லம் பதிவு பெற்றதா என்று பார்க்க வேண்டும். குழந்தைகள் இல்லம் என்றால் இளைஞர் நீதிச் சட்டப் பதிவு கட்டாயம். மாவட்டச் சமூக நல அலுவலகத்திலும் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் விசாரிக்கலாம். நன்கொடைக்கு வருமான வரிவிலக்கு வேண்டுமென்றால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்துப் பயனில்லை. காசோலையோ வங்கிப் பரிமாற்றமோ வேண்டும்.

எப்படிப் பழகுவது

பாட்டி, தாத்தா என்று பார்த்த மாத்திரத்தில் அழைக்காதீர்கள். அம்மா, ஐயா எல்லோருக்கும் பொருந்தும். ஏழை என்பதற்காக ஒருமையில் பேசும் பழக்கம் நம்மில் படித்தவர்களுக்கும் உண்டு, அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். போட்டோ எடுக்காதீர்கள்.

உங்கள் இழப்பை அவர்களிடம் இறக்கி வைக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. துக்கத்தோடு வருபவர்கள் ஏழை வீட்டுக் கண்ணீரைக் கண்டதும் தம் கதையைத் தொடங்கிவிடுவார்கள். உதவி கேட்டு வந்தவருக்கு, எதிரே இருப்பவர் அழுதால் எழுந்து போக முடியாது. கேட்டுத்தான் ஆக வேண்டும். அவராகக் கேட்டால் ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: 'என் வீட்டுக்காரரும் போன ஆடியில் தவறிவிட்டார்.' அதற்கு மேல் அவர் பேசட்டும். அவர் அழுதால் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருங்கள். 'எல்லாம் விதி', 'நல்லவர்களைத்தான் கடவுள் சீக்கிரம் கூப்பிடுவார்' போன்றவை உங்கள் வீட்டில் சொல்லப்பட்டபோது எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

கையில் பணம் கொடுப்பதைத் தவிருங்கள். பஸ் காசு, ஜெராக்ஸ் காசு வேறு விஷயம். ஒருவருக்கு ஐநூறு கொடுத்தால் அடுத்த வாரம் பெஞ்சில் பத்துப் பேர் பணத்துக்காக உட்கார்ந்திருப்பார்கள், காகிதம் கொண்டுவந்தவர் பின்னால் நிற்பார்.

மோசமான நாட்கள்

வாரத்துக்கு ஒரு நாள், இரண்டு மூன்று மணி நேரம். தொடக்கத்தில் இதற்கு மேல் வேண்டாம். வீட்டில் இருக்கப் பிடிக்காமல் தினமும் கிளம்புபவர்கள் சில மாதங்களில் களைத்துப்போய் ஒரேயடியாக நின்றுவிடுகிறார்கள். நடுவில் விடப்பட்ட மனுக்களின் கதி என்ன? கிழமையையும் நேரத்தையும் முடிவு செய்துகொண்டு, அந்த நேரத்தில் அங்கே இருங்கள். 'திங்கட்கிழமை வந்தால் அந்தக் கண்ணாடி போட்ட அம்மா இருப்பார்' என்று யாரோ ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்பத் தொடங்கும்போது, வாழ்க்கைக்கு ஒரு பிடிமானம் வேண்டும் என்று நீங்கள் தேடிக்கொண்டிருந்தது பாதி கிடைத்துவிட்டது.

திதியும் பிறந்த நாளும் கல்யாண நாளும் வரும் வாரங்களை நாட்காட்டியில் முன்கூட்டியே குறித்து விடுப்பு எடுங்கள். சிலர் அன்றுதான் வேலைக்குப் போக விரும்புவார்கள். அது அவரவர் மனம். உங்களவர் வயதில், உங்களவர் நோயோடு ஒருவர் எதிரே வந்து உட்காரும் நாளும் வரும். அதற்காகவே இரண்டு பேராகப் போவது நல்லது. அந்தக் காகிதங்களை மற்றவர் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து போய்த் தேநீர் குடித்து வரலாம். பள்ளித் தோழியோ, ஓய்வுபெற்ற சக ஊழியரோ, யாரையாவது கூட்டிப் போங்கள். வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் கிடைத்தால் விடாதீர்கள்.

சிலருக்கு இந்த வேலை ஒத்துப்போகாது. நிழல் பெஞ்சில் உட்கார்ந்து இன்னொரு இறப்புச் சான்றிதழைப் பார்க்கவே முடியாது என்றால் விட்டுவிடலாம். அரசுப் பள்ளியில் மாலையில் பாடம் சொல்லிக் கொடுக்கலாம். 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி திட்டத்தின் வழியே உங்கள் ஊர்ப் பள்ளிக்கு எது தேவை என்று பார்த்துச் செய்யலாம். ஓராண்டு கழிந்து, கையிருப்பும் மனநிலையும் தெளிந்த பிறகு, பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுக்கும் ஒரு மாணவிக்கு ஆண்டுதோறும் உங்களவர் பெயரில் பரிசு தரத் தலைமை ஆசிரியரிடம் பேசலாம். அறக்கட்டளையைவிட அது எளிது, நீடிக்கவும் செய்யும்.

முதல் திங்கட்கிழமைக்கு

நீல மை பேனா இரண்டு, கறுப்பு ஒன்று, மைத்திண்டு, பசைக்குச்சி, ஸ்டேப்ளர், வெள்ளைத்தாள், பிளாஸ்டிக் உறைகள் பத்து. படிக்கும் கண்ணாடி ஒன்று கூடுதலாக இருந்தால் நல்லது, வருபவர்களில் பலர் கண்ணாடி இல்லாமல் வருவார்கள். ஒரு நோட்டில் வந்தவரின் ஊர், எந்தக் காகிதம் குறைகிறது, அடுத்து எப்போது வருவார் என்று மட்டும் எழுதுங்கள். ஆதார் எண்ணை எழுத வேண்டாம். அருகில் ஜெராக்ஸ் கடையும் இ-சேவை மையமும் எங்கே இருக்கின்றன என்று முந்தைய வாரமே நடந்து பார்த்து வையுங்கள். மனுப் பதிவு வரிசை காலையிலேயே நீண்டுவிடும்; ஒன்பது மணிக்கெல்லாம் போய்விடுங்கள். முதல் நாள் யாரும் உங்களிடம் வரமாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பாலித்தீன் உறையைப் பிரிக்கும்வரை காத்திருந்து, 'என்ன விஷயமாக வந்தீர்கள் அம்மா?' என்று கேளுங்கள்.